சந்தை விடுமுறை நாளில் ஒரு கூட்டம்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, கடத்தூர் முதலீட்டாளர் மன்றத்தின் தலைவர் பச்சியப்பன் அவர்களே, கணவர் கஸ்பார் ஐயாவை இழந்து தவிக்கும் ராஜமேரி அம்மா அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம்.

அரங்கம் நிறைந்திருக்கிறது. ஏன் நிறைந்திருக்கிறது? இன்று ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சந்தைக்கு விடுமுறை!

நம் மன்றத்தைத் தொடங்கிய பெருமகனார் கஸ்பார் ஐயா, மொரப்பூர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பங்கு வாங்கும் அன்றே ஒரு மாங்கன்று நட வேண்டும், அது காய்க்கும் வரை அந்தப் பங்கை விற்கக் கூடாது என்று விதி வகுத்தவர். வேறு எந்த ஊரில் உண்டு இப்படி ஒரு விதி? அதை நம்பி நட்டவர்கள் இங்கே பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நம் கைக்கு செல்போன் வந்தது. காலையில் வாங்கி மதியம் விற்கும் ஆசையும் வந்தது. மன்றச் செயலாளர் நான், நானே முதலில் இறங்கினேன். அடுத்தவர் தோப்பில் காய்த்துத் தொங்கிய மரத்தைப் படம் எடுத்து, "என் கன்னு காய்ச்சிருச்சுங்க" என்று ஐயாவுக்கு அனுப்பிவிட்டுப் பங்கை விற்றவன் நான். அவர் கோபப்படவில்லை.

"கிருஷ்ணப்பா, வண்டி வர்ற நேரத்துக்குத்தான் வரும். தண்டவாளத்துல எறங்கி நின்னா சீக்கிரம் வந்துருமா?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்தேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்தோம். 'செய்தோம்' என்று சொல்ல எனக்கு என்ன அருகதை? காலையிலேயே எடுப்பதாக இருந்தது. அன்று, விலை ஏறுமா இறங்குமா என்று நாம் பணம் கட்டும் ஆப்ஷன் வியாபாரத்துக்குக் கணக்கு முடியும் நாள், சந்தை தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ராஜமேரி அம்மா அருட்தந்தையிடம் போய், "சாமி, இவரோட ஆளுங்க மூணரைக்கு மார்க்கெட் முடிஞ்சாத்தான் வருவாங்க. நாலு மணிக்கு எடுத்துக்கலாமுங்க" என்று கேட்டிருக்கிறார்.

நமக்காகக் காத்திருந்தார் ஐயா! நாலு மணிக்கு நாம் எங்கே இருந்தோம்? அன்று விட்ட பணத்தை நினைத்து, தலையில் கைவைத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். போகலாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பெட்டியைச் சுமந்தவர்கள், தொப்பூர் மலைப்பாதையில் லாரி ஓட்டும் அக்கம்பக்கத்துக்காரர்கள். நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது மண் மூடியிருந்தது. அம்மா, எங்களை மன்னியுங்கள்.

ஐயா கடைசியாகப் பங்கு வாங்கியது பேத்தி பிளசிக்காக. அதற்கு நட்ட கன்று அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. நேற்றுப் போனேன், வாடியிருந்தது. "தண்ணி ஊத்தற நெனப்பே வல்லீங்க" என்றார் அம்மா.

அது காய்க்கும் வரை தண்ணீர் ஊற்றுவது இனி இந்த மன்றத்தின் பொறுப்பு. நாளை திங்கட்கிழமை, சந்தை திறக்கும் ஒன்பதே கால் மணிக்கு, போனை வீட்டில் வைத்துவிட்டு நான் குடத்தோடு அங்கே நிற்பேன். நீங்கள் வருவீர்களா என்று இப்போது கேட்க மாட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வருவதாகத்தான் சொல்வீர்கள்.