பழைய பைத்தானுக்கு ஒரே ஆள்

— யாரு தேவயானி அந்தப் பார்த்திபன்? அவனுக்கு மட்டும் இன்னா அவ்ளோ நீளமா பதில் எழுதற?

— நம்ம எடைபோடுற புரோகிராமை ஓட்டுறவரு மாமா. ஜமுனாமரத்தூருக்கு மேல ஏதோ ஊராம். அவரு கம்ப்யூட்டர்ல இருக்குற பழைய பைத்தான் பாஷையிலயும் ஓடுற மாதிரியே வச்சிருங்கன்னு கேக்குறாரு.

— கேட்டா? ‘கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்’னு எழுதுவியா? என்கிட்ட என்னைக்காச்சும் அப்படிச் சொல்லியிருக்கியா? சோறு ஆறுது வான்னுதான் சொல்ற.

— சோறு ஆறுனா வேற இன்னா சொல்லுவாங்க?

— இலவசமா குடுக்குற புரோகிராம், நாம எழுதறதை ஊரே படிக்கும். எனக்கு மானம் போவுது.

— நீதான மாமா பழசை வுடக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்ன? பைத்தான்காரங்களே அதுக்கு ரிப்பேர் பாக்கறதை நிறுத்திட்டாங்க. பழசுக்கும் புதுசுக்கும் சேத்து எழுதி எழுதி கை ஒடியுதுன்னு உன்கிட்ட எத்தினி வாட்டி கெஞ்சினேன்?

— அது நான் எழுதினதுடி! படவேட்டுலருந்து உன்னை நம்பி மலையேறி வந்து, மொத மொதல்ல முட்டி மோதி எழுதினது. அதைத் தூக்கிட்டா மிச்சம் பூரா உன்னுது. இப்பவே தேவயானி மேடம், தேவயானி மேடம்னு உருகுறானுங்க. வெற்றிச்செல்வன்னு ஒருத்தன் இருக்கானான்னு எவனாச்சும் கேக்குறானா? வயிறு எரியாதா எனக்கு?

— அப்ப சந்தோஷப்படு. பார்த்திபன் கேட்டாரேன்னு உன்னுதை அப்படியே வச்சிருக்கப்போறேன்.

— நான் கேட்டப்ப மூஞ்சைத் திருப்பிக்கின. அவன் கேட்டா கரைஞ்சிட்டியா?

— தன்மையா கேக்குறாரு மாமா. ‘மேடம், உங்க வேலையில ஒரு நிதானம் இருக்கு’ன்னாரு. கட்டிக்கினவன் ஒரு நாள் சொன்னதில்ல.

— அதுக்கு ஒரு சிரிப்பு பொம்மை வேற போட்டிருக்க!

— ரெண்டு போட்டேன்.

— போதும். பழசைத் தூக்கு.

— உன் வேலை பூரா போய்டும் மாமா.

— போவட்டும்! அதைச் சாக்கு வச்சி அவன்கிட்ட நீ கொஞ்ச வேணாம்.

— நல்லா ரோசனை பண்ணிக்க. அப்பால என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.

— தூக்குடின்றேன்!

— தூக்கிட்டேன். இனிமே புதுசுல மட்டும்தான் ஓடும். பார்த்திபன்கிட்ட நீயே சொல்லிடு.

— நான் எதுக்குச் சொல்லணும்? அவன் யாருன்னே எனக்குத் தெரியாது.

— புளி வந்து குவியுது, எடை போட முடியலன்னு ஆடி மாசத்துல எழுதியிருக்கான். எங்க மலையில பங்குனியோட புளி உலுக்கி முடிஞ்சிடும் மாமா. மலையில பொறந்தவன் எவனும் அப்படி எழுத மாட்டான், படவேட்டுக் கரும்புக்காரன்தான் பேரை மாத்திக்கினு எழுதுவான்.

— தேவயானி... எப்பலருந்து தெரியும்?

— மொத நாளே தெரியும். தெரியாத ஆம்பளைக்கு அவ்ளோ ஆசையா எழுதுவேனா நானு?