ஆம்பளைக் கால் படாத வாசல்

லூவேனியா: கதவத் தொற ஓப்பல். கை மரத்துப் போச்சு.

ஓப்பல்: முடியாதுக்கா. இன்னும் ஆம்பள யாரும் உள்ள வரல.

லூவேனியா: விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு...

ஓப்பல்: ஆகட்டும். புது வருசத்துல மொத காலடி பொம்பளையோடதா இருந்தா அந்த வருசம் முழுக்க விளங்காதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான்.

லூவேனியா: அது மிசிசிப்பியில. இது சிகாகோ. அதுலயும் மூணாவது மாடி.

ஓப்பல்: மாடி ஏற முடியாம சாங்கியம் கீழயே நின்னுடுச்சா?

லூவேனியா: வாய் மட்டும் குறையல உனக்கு. உன் புருசன் ரூஃபஸ் எங்க?

ஓப்பல்: ரயில்ல. அடுத்தவங்களுக்குப் படுக்கை விரிக்கிற வேலையில புது வருசம் ஏது? நாளைக்குத்தான் வருவாரு.

லூவேனியா: அதுவரைக்கும் உன் அக்கா படிக்கட்டுல நிக்கணும்.

ஓப்பல்: யாரு நிக்கச் சொன்னா? மூணு வருசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு என்ன திடீர்னு?

லூவேனியா: உன் மேசையில உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும். அதுக்குத்தான் வந்தேன். சாப்பிடாம எறங்கறதா இல்ல. புது வருசத் தட்டப்பயறு கொண்டாந்திருக்கேன். சட்டி ஆறிட்டே இருக்கு.

ஓப்பல்: எங்கிட்டயும் இருக்கு பயறு.

லூவேனியா: உன் பயறு... வேணாம், விடு.

ஓப்பல்: என்ன, சொல்லேன்.

லூவேனியா: பன்னிக் கன்னக்கறி போட்டியா, இல்ல போன தடவ மாதிரி கசாப்புக்காரன் குடுத்த ஏதோ எலும்பப் போட்டியா?

ஓப்பல்: கன்னக்கறிதான். மூலைக்கடை போலந்துக்காரர்கிட்ட வாங்கினேன்.

லூவேனியா: அந்த ஆளா? நாம வந்த புதுசுல கன்னக்கறின்னு கேட்டா, பைத்தியமான்னு பார்ப்பாரு.

ஓப்பல்: இப்ப கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாளே கண்ணாடியில எழுதி ஒட்டிடறாரு. வெண்டைக்கா, கரும்புப் பாகு, எல்லாம் இருக்கு. போன வாரம் எனக்கே சமைக்கச் சொல்லித் தர்றாரு, கீரைய எவ்வளவு நேரம் வேக வெக்கணும்னு.

லூவேனியா: நல்லா கேட்டுக்கிட்டியா?

ஓப்பல்: கேட்டுக்கிட்டேன். சரியாத்தான் சொன்னாரு.

லூவேனியா: படியேறி வரும்போது ஒவ்வொரு கதவுலயும் பயறு வாசனை. ரெண்டாவது மாடியில ஒரு பொண்ணு என்னைய மாதிரியே வெளிய நிக்குது.

ஓப்பல்: பெட்வே அம்மாவோட மக. தாத்தா காலத்துலேர்ந்து சிகாகோதான்னு பீத்திக்குவாங்கல்ல, அந்தம்மா. நம்ம அம்மா தலையில துணி கட்டிக்கிட்டுக் கடைக்குப் போனா, பட்டிக்காட்டுக் கூட்டம்னு மூஞ்சத் திருப்புவாங்க. இப்ப அதே பட்டிக்காட்டுச் சாங்கியத்துக்குப் பெத்த மகளையே வெளிய நிக்க வெச்சுட்டாங்க.

லூவேனியா: அம்மா பார்த்திருந்தா சிரிச்சே செத்திருப்பா.

ஓப்பல்: அவ போய்த்தான் மூணு வருசமாச்சே.

லூவேனியா: தப்பா சொல்லிட்டேன்.

ஓப்பல்: ம்.

லூவேனியா: உன் பூனை கடுவன்தானே? அத வெளிய அனுப்பி உள்ள கூப்புடு. முடிஞ்சது.

ஓப்பல்: பூனை கணக்குல வராது.

லூவேனியா: ஏன் வராது? நம்ம அப்பாவ விட நேரா நடக்கும்.

ஓப்பல்: சிரிக்க வெக்காதக்கா.

லூவேனியா: விடியும்போது கெளம்புவாரே, ஞாபகம் இருக்கா? விதவைங்க வீடு, புருசன் வெளியூர் போன வீடு, எல்லாத்துக்கும் அவர் காலடிதான் வேணும். ராசியான காலாம்.

ஓப்பல்: மொத வீட்டுல ரொட்டியும் பாகும் தருவாங்க. ரெண்டாவது வீட்டுலேர்ந்து சாராயம்.

லூவேனியா: கடைசி வீட்டுக்குள்ள அந்த ராசியான கால ரெண்டு பேரு தூக்கித்தான் வெக்கணும்.

ஓப்பல்: அம்மா வாசல்ல தொடப்பத்தோட நிப்பா...

லூவேனியா: அவர அடிக்கன்னு எல்லாரும் நெனச்சாங்க. அவ பெருக்கிக்கிட்டு இருந்தா.

ஓப்பல்: ஒரு புல் மொளைக்க விட மாட்டா. மண்ணு பாய் விரிச்ச மாதிரி இருக்கணும். இங்க வந்தும் விட்டாளா? கட்டடத்துக்குப் பின்னாடி, கரிக்கொட்டகை ஓரமா இத்துனூண்டு மண்ணு. பனி கரைஞ்ச அன்னிக்கே எறங்கிடுவா.

லூவேனியா: இன்னும் இருக்கா அந்த எடம்?

ஓப்பல்: சிமெண்டு போட்டுட்டாங்க. ...நல்லதுதான். பார்க்காம இருக்கலாம்.

லூவேனியா: ஓப்பல்.

ஓப்பல்: கீழ் வீட்டு டாலிவர் எழுந்ததும் வரச் சொல்றேன். அவரும் ராத்திரி சர்ச்சுல முழிச்சிருந்து ஜெபம் பண்ணிட்டு வந்திருக்காரு. தூங்கட்டும்.

லூவேனியா: சரி. தூங்கட்டும். நிக்கறேன்.

ஓப்பல்: உனக்கு நிக்கத் தெரியுமா என்ன. சொல்லாம கொள்ளாமப் போறதுதான் உனக்குப் பழக்கம்.

லூவேனியா: இப்ப வா விசயத்துக்கு.

ஓப்பல்: நான் பூ வாங்கப் போனேன்க்கா. அவ்வளவுதான். பூ வாங்கிட்டு வந்தா, சவப்பெட்டி இல்ல. எங்கன்னு கேட்டா, அடக்கம் பண்றவன் கடிகாரத்தப் பார்த்துட்டுச் சொல்றான், இந்நேரம் மிசிசிப்பி ரயில் கெளம்பியிருக்கும்னு. நம்ம அம்மாவ.

லூவேனியா: சொல்லியிருந்தா விட்டிருப்பியா?

ஓப்பல்: விட்டிருக்க மாட்டேன். இங்கதான் பொதைக்கணும்னு சொன்னேன்ல? டிராம்ல போனா பார்க்கற தூரத்துல. ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு போய் உக்கார்ற மாதிரி.

லூவேனியா: அடுத்த ரயில்ல நீ வருவேன்னு பார்த்தேன். மண்ணு போடாம நிறுத்தி வெச்சிருந்தேன். பாதிரியார் மூணு தடவ கேட்டாரு.

ஓப்பல்: ...நிறுத்தி வெச்சியா?

லூவேனியா: இருட்டற வரைக்கும்.

ஓப்பல்: எங்கிட்ட சொல்லவே இல்ல.

லூவேனியா: கடிதாசி போட்டேன். பிரிக்காம திருப்பி அனுப்பின. ரெண்டு தடவ.

ஓப்பல்: கோவம்.

லூவேனியா: எனக்கு மட்டும் ஆசையா, அவளத் தனியா கொண்டுபோக? கடைசி வாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. இந்த உறைஞ்ச மண்ணுல என்னைய வெக்காத, எனக்குக் குளிரும்னு.

ஓப்பல்: தெரியும்.

லூவேனியா: என்ன தெரியும்?

ஓப்பல்: எங்கிட்டயும் சொன்னா. ஒவ்வொரு பனிக்காலமும் சொல்லுவா. நான் சரி சரின்னு தலையாட்டுவேன். ...தலையாட்டிட்டு, இங்கயே வெச்சுக்கப் பார்த்தேன்.

லூவேனியா: அப்ப என் மேல எதுக்குடி கோவம்?

ஓப்பல்: அவ கேட்டத நீ செஞ்ச. நான் செய்யல. வேற யார் மேல கோவப்பட? ...அக்கா. இருக்கியா?

லூவேனியா: இருக்கேன். மூக்கு ஒழுகுது, சட்டியப் பிடிச்சிருக்கேன், தொடைக்கக் கையில்ல.

ஓப்பல்: அங்க... எப்படி இருக்கு? அவ இருக்கற எடம்?

லூவேனியா: அப்பா பக்கத்துல. பைன் மரத்தடியில. ஊசி இலையா கொட்டிக் கெடக்கு. ஈஸ்டருக்குப் போறேன், கூட வர்றியா?

ஓப்பல்: ரூஃபஸ்கிட்ட சொல்லி ரயில் சீட்டு வாங்கறேன்.

லூவேனியா: வழிக்குக் கோழி நான் வறுக்கறேன். உன் கையால வேணாம்.

ஓப்பல்: ...கொஞ்சம் தள்ளிக்க. தொறக்கறேன்.

லூவேனியா: ஆம்பள வரலையே இன்னும்.

ஓப்பல்: வந்தாச்சு. விடியும்போதே. டாலிவர். நான் கூப்பிடக்கூட இல்ல, தானா வந்து தட்டினாரு. எல்லா ரூம்லயும் ஒரு சுத்து நடந்தாரு, ஒரு கிண்ணம் பயறு சாப்பிட்டாரு, போய்ப் படுத்துட்டாரு. உன்னைய உள்ள விடக்கூடாதுன்னு பொய் சொன்னேன்.

லூவேனியா: தெரியும். நேத்து சர்ச்சுல அவர் கையப் பிடிச்சுக் கெஞ்சினவளே நான்தான். விடியும்போது என் தங்கச்சி வீட்டுல கால் வெச்சிடுங்க, அவ சாக்குச் சொல்லக் கூடாதுன்னு.

ஓப்பல்: அப்புறம் ஏன்க்கா வாயத் தொறக்கல? இவ்வளவு நேரம் இந்தக் குளிர்ல...

லூவேனியா: சொல்லியிருந்தா தொறந்திருப்ப. தட்டு வெச்சு, பயறு போட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்ப. இவ்வளவு பேசியிருக்க மாட்ட.