மீன் கழுவிய தண்ணீர்

செடி வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாது ஐயா. கொட்டத்தான் தெரியும். ஜெரேனியம் என்கிற பூச்செடியிடம் அது செல்லாது. அதிலும் என்னுடையது ஈர மண்ணை விரும்புகிற சாதி, வருஷக்கணக்கில் நிற்கும். கொடைக்கானலிலிருந்து வேரோடு கொண்டுவந்தேன். ராயபுரத்தில் இதெல்லாம் பிழைக்காது என்று பக்கத்துப் போர்ஷன் லூயிஸ் சிரித்தார். அவர் வீட்டில் மணிபிளான்ட்டே கருகிப்போய்க் கிடக்கிறது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் ஏசியிலிருந்து சொட்டுவதைக் கேனில் பிடித்து, காலையில் இரண்டு டம்ளர், சாயந்திரம் இரண்டு டம்ளர் ஊற்றுவேன். மண் காயக் கூடாது, உச்சி வெயில் படக் கூடாது. துறைமுகத்துக் கரி இலையில் படிந்தால் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பேன். நாலாவது வருஷம் ஊதா நிறத்தில் பதினொரு பூ. பங்குச் சாமியாரே படியேறி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, செம்பருத்தியா என்று கேட்டார்.

என் அக்கா ஃப்ளோராவும் நானும்தான் வீட்டில். அவளுக்கு இதயம் பலவீனம், காலில் நீர் கோத்துக்கொள்ளும். உப்பைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சமையல் என் பொறுப்பு. அவளுக்கு மட்டும் தனிச் சட்டியில், உப்பில்லாமல். மூன்று வருஷம் ஒருநாளும் தவறவில்லை. "மண்ணு மாரி கீது" என்பாள், மூன்று வருஷமும்.

மீனை ஆய்ந்து கழுவுவது மட்டும் அவள் வேலை. இங்கே எல்லோரையும் போலக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுவாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தத் தண்ணீரை அப்படியே ஜெரேனியத்தின் தலையில் ஊற்றிவிட்டாள். நாலே நாளில் இலை கருகித் தண்டு சாய்ந்தது.

"மீன் தண்ணி ஊத்துனா முருங்கை இன்னாமா காய்க்குது. நல்லதுக்குத்தான் தாசு ஊத்துனேன். இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?"

முருங்கை. ஐம்பது வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள், ஜெரேனியத்தை முருங்கையோடு சேர்த்துப் பேசுகிறாள். நான் கோபப்படவில்லை. அவள் தொட்டியில் போட்டதை அவள் சட்டியில் போட ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு சிட்டிகை. பிறகு எனக்குப் போட்டுக்கொள்கிற அளவு. பிறகு அதற்கும் மேலே.

"இன்னிக்குத்தான்டா கொழம்பு கொழம்பாட்டம் கீது" என்று விரலை நக்கினாள். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. லூயிஸின் மனைவி வந்து பார்த்து, இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர்களுக்குச் செடியும் தெரியாது, மனுஷனும் தெரியாது.

ஒரு செடிக்காகவா என்று கேட்கிறீர்கள். ஆமாம் என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது தொட்டியை நீங்களே பார்த்தீர்கள், இப்போது அதில் ஏழு இலை. ஜெரேனியம் மேலே பட்டுப்போனாலும் வேர் உயிரோடிருக்கும், பொறுத்தால் துளிர்க்கும். எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும். முதல் துளிரைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும். அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினேன்.

"நான்தான் சொன்னேனே தாசு, மீன் தண்ணி ஒண்ணியும் பண்ணாதுன்னு" என்று மூச்சிரைக்கச் சிரித்தாள்.

அவள் இறந்தது அடுத்த சனிக்கிழமை. நடுவில் இருந்த நாளெல்லாம் நான்தான் சமைத்தேன். உப்பைக் குறைக்கவில்லை.