குமுதா அம்மையார் கட்டவிடாத சுவர்

தலைமை ஏற்றிருக்கும் தோட்டச் சங்கத் தலைவர் சாம்பசிவம் அவர்களே, கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஷஹாபுதீன் பாய் அவர்களே, கோலா தெர்லா மக்களே, எங்கள் சபையில் எஞ்சியிருக்கும் நான்கு குடும்பத்தாரே! வணக்கம்.

சபைத் தாய் குமுதா அம்மையார் போய்விட்டார். போன வாரத்து மழையில் மேடு சரிந்து, ஜெபவீட்டோடு அவரையும் மூடிவிட்டது. இன்றைக்கு எத்தனை மாலைகள்! உயிரோடு இருந்தபோது அவரை ஒரு மேடையிலாவது உட்கார வைத்தீர்களா? "என்னக்கா, நாளைக்கு உலகம் அழியுதாமே? அப்ப கோசு சும்மா குடுங்க லா" என்றுதானே கேட்டீர்கள்! அவரும் கொடுத்தார். நாளைக்கென்று எதையும் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் சபையின் விதி. கோவிட் காலத்தில் லோரி ஓடாமல் நின்றபோது இந்த ஊரில் உலை கொதித்தது யார் தோட்டத்துக் காய்கறியில்?

எங்கள் சபை ரஷ்யாவில் பிறந்தது. கர்த்தர் வரப்போகிறார், உலகம் முடியப்போகிறது என்று சொன்னதற்காக அங்கே ஜெபவீடுகளை இடித்தார்கள். ஊழியர்களைப் பனிக்காட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் அடுப்படியில் கூடி, குரலெழுப்பாமல் ஜெபித்துப் பிழைத்தார்கள். தேயிலை ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த ஒரு ரஷ்யர்தான் அதை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அரசாங்கத்தாலேயே அழிக்க முடியாத சபை ஐயா இது! அதை எங்கள் பிடிவாதமே அழிக்கப் பார்க்கிறது.

முடியப்போகிற உலகத்தில் சிமெண்டு வைத்துக் கட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. எல்லாமே பலகையும் தகரமும்தான். ஷஹாபுதீன் பாய் தன் செலவில் மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டித் தருவதாக வந்தார். "இந்த மழைக்கு மண்ணு நிக்காதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் கெஞ்சினேன். அம்மையார் சிரித்தார். "சுவரு காயறதுக்குள்ள கர்த்தரு வந்துருவாரு, புனிதா."

சொல்லி மூன்று வருடம் ஆகிறது. சுவர் காய்ந்திருக்கும். அவர் வரவில்லை. மலைதான் வந்தது.

அவரைத் தோண்டி எடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போதும் அது அடங்கவில்லை. என்னை வளர்த்த மனுஷி மீது எனக்கு இவ்வளவு கோபம்!

சபையின் அடுத்த ஊழியராக என்னை நிறுத்தியிருக்கிறார்கள். முதல் வேலையை இந்தச் சபை முன்னே சொல்கிறேன். அதே மேட்டில் சிமெண்டுச் சுவர் எழும்பும். அதற்குப் பிறகுதான் ஜெபவீடு. நம் ஆட்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள்! காத்திருப்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா?

விதியை மீறினேன் என்றால் அம்மையாரே எழுந்து வந்து கேட்கட்டும். கர்த்தர் வரும் நாளில் எழுந்து வருவார் என்றுதானே நம்புகிறோம்? வரட்டும். சீக்கிரம் வந்து என்னைத் திட்டட்டும்.