நல்லகாமன், தகப்பன் பேர் சோணை

"அலோ... அலோ... ஏட்டையாங்களா? ... ஆமாங்கய்யா, சமயநல்லூர்ல இருந்துதான். போன புதன்கிழமை பேசுனேனே... ஆமா, ஆமா, மலையாண்டி விசயமா. ... கேக்குதுங்கய்யா. கொஞ்சம் இரைச்சலா இருக்கு, ஆனா கேக்குது. ... இல்லங்கய்யா, ஒம்போது மணிக்கே டிரங்கால் புக் பண்ணிட்டேன். இப்பத்தான் லைன் குடுத்தாக."

தபால் ஆபீசின் டெலிபோன் கூண்டுக்குள் நின்றவன் இடது கையில் ஒரு தாளைப் பிடித்திருந்தான். அதில் எட்டுக் கேள்விகள், வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுத இடம் விட்டு. ஐந்தாவது கேள்வியை இரண்டாவதாகக் கேட்டால் நன்றாக இருக்குமோ என்று இந்த நேரத்திலும் அவனுக்குச் சந்தேகம். வயது இருபத்திரண்டு. பகலில் மதுரையில் ஒரு அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை, பொழுது சாய்ந்தால் மாலைக் கல்லூரி. பேர் மலையாண்டி. ஆனால் ஏட்டையாவிடம் தன் பேர் நல்லகாமன் என்று சொல்லியிருந்தான்.

நல்லகாமன் அவனுடைய அண்ணன். மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அண்ணனுக்கு வயது தாண்டியிருந்தது. படிப்பும் ஐந்தோடு நின்றுபோயிருந்தது. தம்பியின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் காட்டி, மலையாண்டி என்ற பேரில் சேர்ந்துவிட்டான். மலை மேல் இருந்த முகாமிலிருந்து ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான்: "காலையில பேரு கூப்பிடுறப்ப மலையாண்டீங்கிறாக. உன்னத்தான் கூப்பிடுறாகன்னு நான் பாட்டுக்கு நிக்கிறேன்டா. அதுக்கே தெனம் ரெண்டு சுத்து ஓட விடுறாக." அதைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த எண்பத்திரண்டாம் வருடம் நவம்பர் மூன்றாம் தேதி அண்ணன் முகாமைவிட்டு ஓடிவிட்டான். வீட்டுக்கும் வரவில்லை. எங்கேயாவது பிடிபட்டிருக்க வேண்டும் என்று தம்பியும் அம்மா சீனியம்மாளும் சாமியை வேண்டிக்கொண்டார்கள். பிடிபட்டிருந்தால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். முகாமுக்குப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருக்கும் ஏட்டையா, தங்கள் பக்கத்து ஊரான பரவைக்காரர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, கைது ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லும்படி போன வாரம் கேட்டிருந்தான். புத்தக விஷயம் வெளியே வரக்கூடாதே. அதனால் தன்னை அண்ணனாக்கி, ஓடிப்போனவனைத் தம்பியாக்கிச் சொல்லியிருந்தான்.

"பாத்தீங்களாய்யா? ... ஆமா, மூணாம் தேதில இருந்துதான். ... ஒவ்வொரு பக்கமாவா? ரெண்டு தடவையா! ... இல்லையா. ... மலையாண்டிங்கிற பேருல ஒருத்தன் கூடவா இல்ல? ... பேயாண்டியா? இல்லங்கய்யா, அது யாரோ. ... அம்பது வயசா? அப்ப கண்டிப்பா இல்ல."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. தாளில் முதல் கேள்விக்குக் கீழே 'இல்லை' என்று எழுதினான்.

"ரெண்டாவதா ஒண்ணுங்கய்யா. மிலிட்டரி போலீசே நேராப் புடிச்சிருந்தா உங்க ரிஜிஸ்டர்ல வருமா? ... அவுககிட்டயும் கேட்டீகளா? ... இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காகளா. ... சரிங்கய்யா. ... பரவையா? போன வாரங்கூடச் சந்தைக்குப் போனேன். ... மழை பரவால்ல, கம்மாயில பாதித் தண்ணி கெடக்கு. ... சரி, அண்ணேன்னே கூப்பிடுறேன். ... என்னண்ணே, என்னமோ சொல்ல வந்துட்டு நிறுத்துறீக?

"... எங்கப்பா பேரா? சோணை. ... ஆமா, சோணைதான். எறந்து பத்து வருசமாச்சு. ... ஊரு? போன வாரம் சொன்ன ஊருதாண்ணே. ... எம் பேரா? ... நல்ல... நல்லகாமன்.

"... என்னது? ... ரிஜிஸ்டர்ல இருக்கா? நல்லகாமன்னா? தகப்பன் பேரு சோணைன்னே போட்டிருக்கா?"

அண்ணன் தன் சொந்தப் பேரைச் சொல்லியிருக்கிறான்! பட்டாளத்தைவிட்டு ஓடியவன் பட்டாளத்துப் பேரை எதற்குச் சொல்வான்? எட்டுக் கேள்வி எழுதியவனுக்கு இது ஒன்று தோன்றவில்லையே. கண்ணாடிக்கு வெளியே, ஜாமீனுக்காகப் பட்டாவையும் ரேஷன் கார்டையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அம்மா. அவளைப் பார்த்து வேகவேகமாகத் தலையை ஆட்டினான். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அது எங்க தம்பிதாண்ணே! எம் பேரச் சொல்லி வெச்சிருக்கான் பாருங்க, களவாணிப் பய. ... எப்பப் புடிச்சீக? ... போன மாசம் ஒம்போதாம் தேதி. பஸ் ஸ்டாண்டுல. ... திருட்டு கிருட்டு ஒண்ணும் இல்லைல்ல? ... சந்தேகக் கேசு. சாக்கைப் போத்திப் படுத்திருந்தான், அம்புட்டுத்தான். ... ஓ, ஊர்ல விசாரிக்க எழுதிப் போடுவீகளா. ... ஆளு சரிதான்னு பதில் வந்தா அன்னிக்கே விட்டுருவீகளா. ... அப்ப விட்டுட்டீகளாண்ணே?

"... விடலையா. ... ஏன்? ... பதில் வந்துச்சா? எங்க ஸ்டேஷன்ல இருந்தா? ... படிங்கண்ணே, கேக்குறேன். ... 'மேற்படி விலாசத்தில் விசாரித்ததில்'... ம்... 'சோணை மகன் நல்லகாமன் என்பவர் தன் வீட்டிலேயே இருக்கிறார்'... ம்... 'எனவே பிடிபட்ட நபர் சொன்னது பொய்'... 'அவரிடம் கையெழுத்து'..."

அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போலீஸ்காரர் இரண்டு தடவை வந்திருந்தார். ஊருக்குப் புதியவர். முதல் தடவை, பட்டாளத்தைவிட்டு ஓடிய மலையாண்டி எங்கே என்று கேட்டு வந்தார். மலையாண்டி வாசலிலேயே நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்கும் முன் அம்மா முந்திக்கொண்டு, "இவன் பெரியவன், நல்லகாமன். சின்னவன் வரலீங்கய்யா" என்றாள். இரண்டாம் தடவை வந்தவர் வேறொரு தாளை வைத்துக்கொண்டு, நல்லகாமன் யார் என்று மட்டும் கேட்டார். முன்பு சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. நான்தான் என்றான். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டான். அச்சகத்தில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் படிக்கிறவன் அந்தத் தாளைப் படித்துப் பார்க்கவில்லை.

"அண்ணே... அந்தக் கையெழுத்துல என்ன தேதி போட்டிருக்கு? ... போன மாசம் இருபத்தி நாலு. ... ஆமாண்ணே. நான் போட்டதுதான். ... அதை அவன்கிட்டக் காட்டுனீகளா? ... நீங்களேவா. ... என்ன சொன்னான்? ... ரொம்ப நேரம் பாத்தானா. ... சிரிச்சானா? ... 'பொய்தான் சொன்னேன் ஏட்டையா'ன்னா? ... அதுக்கப்புறம் பேரே சொல்லலையா? எத்தன தடவை கேட்டும்? ... ம். ... ம்."

தம்பியின் எழுத்து அண்ணனுக்குத் தெரியாதா? வீட்டுக் கடிதம் முழுவதும் அவன் எழுதியதுதானே. 'நான்தான் நல்லகாமன்' என்று அண்ணன் இன்னொரு தடவை அடித்துச் சொல்லியிருந்தால், அப்போது ஊரில் இருக்கிறவன் யார் என்று கேள்வி வந்திருக்கும். தம்பி மாட்டியிருப்பான். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணன் வாயை மூடிக்கொண்டுவிட்டான்.

"யாரும்மா? ... ஐயோ, கட் பண்ணிராதீங்க. இன்னொரு மூணு நிமிசம் போட்டுக்கங்க. ... போட்டுக்கங்கம்மா, புண்ணியமாப் போகும். ... அண்ணே, இருக்கீகளா? இப்ப அவன் எங்க இருக்கான்? சப்ஜெயில்லயா? ஜாமீனுக்கு வேண்டியதெல்லாம் கையில வெச்சிருக்கோம். நாளைக்கே வாரோம். ... அலோ? ... அண்ணே, சும்மா இருந்தா எப்புடி? சொல்லுங்க.

"... ம். ... எப்ப? ... இந்த மாசம் பன்னெண்டாம் தேதியா. ... காய்ச்சலா. ... சளி கட்டி. ... ஆஸ்பத்திரியில மூணு நாள். ... ம். ... யாரும் வரலைன்னு... பொதைச்சாச்சா."

கை, பழக்கத்தில், தாளில் '12' என்று எழுதியது. எந்தக் கேள்விக்குக் கீழே எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை. எட்டில் ஒன்றிலும் அதற்கு இடம் இல்லை.

"என்ன பேருல எழுதுனீக? ... பேரு தெரியாத ஆளுன்னா? ... அண்ணே, அவருக்குப் பேரு இருக்குண்ணே. மொதல்ல சொன்னாருல்ல, அதான் அவரு பேரு. ... நெசமாத்தான். நல்லகாமன் அவருதான், நான் இல்ல. ... எடது முழங்கையில ஒரு வடு இருந்திருக்கும். பம்புசெட்டு சைலன்சர் சுட்டது. ... போட்டிருக்கா? ... போட்டிருக்குல்ல.

"... நானா? நான் தம்பி. ... ஆமா. மலையாண்டி. நீங்க ரெண்டு தடவை பக்கம் பக்கமாத் தேடுன ஆளு. எம் புஸ்தகத்தக் காட்டித்தான் அவரு பட்டாளத்துல சேந்தாரு. ... தெரியும்ணே. எம் மேலயும் கேசு வரும். ... இல்லண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீக. காதுல விழாத மாதிரி இருந்துக்கிறேங்கிறீக, நானும் இப்புடியே இருந்துக்கிறலாம். ... அவரும் அதுக்குத்தான பொய்யின்னு ஒத்துக்கிட்டாரு. ... அதுக்காக அவரு அங்க பேரு தெரியாதவனாக் கெடக்கணுமா? சொல்லுங்க. ... அண்ணே, ஒரு நிமிசம்."

கூண்டின் கதவை அம்மா தட்டிக்கொண்டிருந்தாள். அவன் ரிசீவரை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு திரும்பினான்.

"இரும்மா. பேசிக்கிட்டு இருக்கேன்ல. ... ஆமா. அங்கதான் இருக்காரு. ... நீ போயி உக்காரு, வாரேன்."

அவள் உட்காரவில்லை. மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து, அதைக் கிழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மாட்டேன்னு சொல்லிராதீக. அந்தக் கையெழுத்து விசயம் எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். போலீசுகிட்ட என்னப் பெரியவன்னு சொன்னது அதுதான். ... ஆமா, அதுதான். நாளைக்கு அதுவும் கூட வரும். ஏன் விடலைன்னு உங்க கால்ல விழுந்து கேக்கும். ஊருக்கு எழுதுன கடுதாசி போயிச் சேரலைன்னு சொல்லிருங்க. ... உங்களுக்குக் கெட்ட பேருதான்ணே. வாங்கிக்கங்க, எங்களுக்காக. ... மத்தது அம்புட்டையும் நான் எழுதிக் குடுக்குறேன். ... புடிச்சு வெக்கட்டும்ணே. குழியைக் காட்டிட்டுப் புடிங்க. அம்மாவ மட்டும் பஸ் ஏத்தி விட்டுருங்க.

"... மொத பஸ்ஸுக்கே. ... சரி, எழுதிக்கங்க. எறந்தவரு பேரு நல்லகாமன். தகப்பன் பேரு சோணை. வயசு இருபத்தேழு. ... அடையாளம் சொன்னது தம்பி, மலையாண்டி. ... ஆமா, அதே மலையாண்டி. ... அந்தப் 'பேரு தெரியாத'ங்கிறத அடிச்சிருங்கண்ணே. ... அடிச்சுட்டீகளா? ... அலோ? ... அண்ணே? ... அலோ..."

லைன் அறுந்துபோயிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஆமாண்ணே," என்றான் அதனிடம். "... ஆமா. ... ஆமா, சொல்லுங்க. ... ஆமா, ஆமா..."