சோதனை எண்ணுக்குப் போன செய்தி

மாலை ஆறே முக்கால். செட்டிபாளையத்துக்குப் பின்னால், வாவியோரமாகப் போகிற கிறவல் மண் பாதை. நாய்கூடக் குறுக்கே வராத மழை...

நடந்தது எனக்கல்ல. என் கூட்டாளி கனகசிங்கத்தின் மகன் விஜிதரனுக்கு. எனக்கு நடந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன். கொஞ்சம் நெருங்கி இருங்கள். பின்னால் பார்க்க வேண்டாம்.

வாவியில் தோணி விடுகிறவர்களுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்புகிற இணையச் செயலி ஒன்று. விஜிதரனும் அவன் சிநேகிதன் டிலக்சனும் சேர்ந்து செய்தது. அதற்கு இரண்டு கொன்பிக் கோப்புகள், யாருக்குச் செய்தி போக வேண்டும் என்று செயலிக்குச் சொல்கிறவை. ஒன்றில் மீனவர்கள் எல்லாருடைய எண்களும். மற்றது சோதனைக்கு, அதில் டிலக்சனின் எண் மட்டும். செயலியைப் பொதியாகக் கட்டி வெளியே விடும்போது மீனவர்களின் கோப்பை உள்ளே வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போன மாரியில் தோணி கவிழ்ந்து டிலக்சன் செத்துப்போனான். உடல் கிடைத்தது. போன் வாவிக்குள். அந்த எண்ணை அழிக்க விஜிதரனுக்கு மனம் வரவில்லை. சோதனைச் செய்திகளை அதற்கே அனுப்பிக்கொண்டிருந்தான்... ‘வெள்ளம் வருகிறது. உடனே கரைக்கு வரவும்.’

அன்று மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கனகசிங்கமும் மற்றவர்களும் நடு வாவியில். வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த விஜிதரனுக்குக் கந்தோரில் அவனோடு வேலை செய்கிற பிரஷாந்தி அங்கிருந்து கோல் எடுத்தாள்.

“விஜி அண்ணா, செய்தி ஒருத்தருக்கும் போகல்ல. ஒரேயொரு நம்பருக்குத்தான் போயிருக்கு.”

எண்ணை வாசித்தாள். அவன் வண்டியை நிறுத்தினான். காலையில் அவசரத்தில் கட்டிய பொதிக்குள்... சோதனைக் கோப்பு.

“அவங்களுக்கு ஒவ்வொருத்தரா கோல் எடு.”

“எடுத்துக்கொண்டுதான் இருக்கன். மழை இரைச்சலில ஒருத்தரும் தூக்குறாங்கல்ல. அண்ணா... அந்த நம்பருக்குக் கிடைச்சிட்டுது எண்டு காட்டுது.”

“வாவிக்கடியில சிக்னல் இரிக்குமா பெரியப்பா?” என்று இப்போது, கதை கேட்டுக்கொண்டிருக்கிற என் தம்பி மகள் சுலோஜனா கேட்கிறாள்.

எனக்கு என் குசினி அடுப்படியிலேயே இல்லை, பிள்ளை. நான் என்னத்தைக் கண்டேன்?

விஜிதரன் ஒரு மரத்தடியில் குந்தி மடிக்கணினியைத் திறந்தான். சரியான கோப்பை வைத்துத் திரும்பக் கட்டினான். அனுப்பினான். பாதி போய் நின்றது... இணைப்பு அறுந்தது. வாவிப் பக்கம் ஹோ என்று ஒரு இரைச்சல். கரையோரக் கண்டல் மரத்தின் வேரைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சேற்று நாற்றம்.

எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினான். “அப்பா” என்றான். இருட்டிவிட்டால், பேயோ என்ற பயத்தில், வாவியில் ஒருவரும் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் தரம்தான். மூன்று தரம் கூப்பிட்டான். முப்பது தரம் கூப்பிட்டான். குரல் கிழிந்துபோனது.

பிறகு... சளக், சளக் என்று துடுப்பு. ஒன்றன்பின் ஒன்றாகத் தோணிகள். எல்லாரும் வந்தார்கள். கடைசித் தோணியில் கனகசிங்கம்.

“நல்ல நேரம் ஆள் அனுப்பின மனே” என்றார். அவருடைய பல் கிடுகிடுத்தது.

“நான் ஒருத்தரையும் அனுப்பல்ல அப்பா.”

“கழுத்தளவு தண்ணிக்குள்ள வந்து தோணி விளிம்பப் பிடிச்சான். மூண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நான் பதில் சொன்ன மறுகாத்தான் முகத்தப் பாத்தன்... டிலக்சன்.”

மற்றத் தோணிக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களிடமும் வந்திருந்தான்.

“என்ன சொன்னான்?”

“‘மாமா, இந்தச் செய்தி எனக்கு எப்பவும் வாறது. வரச் சொன்னா நான் கரைக்கு வாறனான். அங்க ஒருத்தரும் நிக்கிறல்ல. இண்டைக்கு விஜி நிக்கிறான். நீங்க முன்னுக்குப் போங்க, நான் வாறன்’ எண்டான்.”

விஜிதரன் அப்பாவின் டோர்ச்சை வாங்கிச் சேற்றில் வெளிச்சம் அடித்தான். சதக்... ஒரு கால் தடம். சதக்... இன்னொன்று. ஆள் இல்லை. தடம் விழ விழ, அதற்குள் தண்ணீர் ஊறியது. தோணிகளைத் தாண்டி வந்து, அவனுக்கு நேர் முன்னால் நின்றது.

விடியும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். திரும்பிப் போன தடம் இல்லை.