கொழுவின் நான்கு துண்டுகள்

விலை மலிவான கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. தங்கமானாலும் துருப்பிடித்த ஆணியானாலும் ஒரே சத்தம்தான் போடும். எண்பத்தாறில் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், ஷார்ஜாவில் பழைய சாமான் கடையில் அதை வாங்கினேன். நீளமான குழாய், முனையில் தட்டுப்போல் ஒரு வளையம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவும். எனக்கு அது வெறும் பொழுதுபோக்கு.

சார், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு ஏன் சாய்ந்து ஓடுகிறது என்று கேட்டீர்கள். மறுஅளவைக்கு வந்தவர் கேட்கவேண்டிய கேள்விதான். கருவியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

முதல் மாதம் சோடா மூடியும் லாடமும்தான் கிடைத்தன. வளையத்தைத் தரையோடு ஒட்டி மெதுவாக வீசவேண்டும், சத்தம் வந்த இடத்தைக் குறுக்கேயும் ஒருமுறை வீசிப் பார்க்கவேண்டும், ஈர மண்ணில் இன்னும் நன்றாகக் கேட்கும் என்பதெல்லாம் மெல்லத்தான் பழகியது. பிறகு ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் விழுந்த கம்மல், வயலில் தொலைந்த அரிவாள். ரப்பர் வெட்டும் குட்டப்பனுக்கு அவனுடைய கத்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

“எலே பொன்னுதாசு, எனக்க பெண்டாட்டி சிரிச்சு வருசம் பத்தாச்சு. அது எங்க புதைஞ்சு கிடக்குன்னு இந்தக் குழாயி சொல்லுமா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு வருடத்தில், கருவி கூவினால் சரிதான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. நான் உண்டாக்கவில்லை.

நிலச்சுவான்தாரான ஜன்மியின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தபோது, என் அப்பாவுக்கும் பக்கத்துக் குடிசை நேசம் மாமாவுக்கும் அடுத்தடுத்து அளந்து கொடுத்தார்கள். ஜன்மியின் ஆட்கள் எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்துவார்கள் என்று அப்போது எல்லோருக்கும் பயம். அதனால் கல்லுக்கு அடியில் இரும்பு புதைத்தார்கள். கல் போனாலும் இரும்பு சொல்லும் என்று நம்பிக்கை. நேசம் மாமா பழைய ஏர்க்கொழு ஒன்றைக் கொல்லனிடம் கொண்டுபோய் நான்காக உடைத்து, மூலைக்கு ஒன்றாகத் தன் கையாலேயே புதைத்தார். உடைந்த வாய்கள் ஒன்றோடொன்று பொருந்தும். வேறு இரும்பை வைத்து யாரும் ஏமாற்ற முடியாது. நல்ல யோசனை.

நான் கல்ஃபிலிருந்து வந்து செய்தது ஒரே ஒரு தவறு. வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், சாலையிலிருந்து கார் வரும் அகலம் இல்லை. நான்கு அடி குறைந்தது. அந்த நான்கு அடி ஞானபாய் மாமியுடையது. நேசம் மாமாவின் மனைவி. நான்கு அடிக்குள் மாமாவின் கல்லறையும் இருந்தது. எங்கள் சபைக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் கிடையாது. செத்தவர்களைச் சொந்த மண்ணில்தான் அடக்குவோம்.

நான் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

“வெலையா மக்கா?” என்றார் மாமி. “அவரு அங்க கிடக்காரு. அவருக்க பக்கத்தில எனக்கும் ஒரு எடம் உண்டு. அத வித்துப்போட்டு நான் எங்க போய் கிடப்பேன்?”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? என் கையைக் கட்டிப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி ஆராதனைக்குப் போயிருந்தார். கருவியோடு வேலியோரம் நடந்தேன். முன்மூலையில் கல் எப்போதோ காணாமல் போயிருந்தது. இரும்பு மட்டும் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. தோண்டி எடுத்து, மாமியின் பக்கம் நான்கு அடி தள்ளிப் புதைத்தேன். மேலே இரண்டு மூடு சேம்பு நட்டேன். கோவிலில் பாட்டு முடிவதற்குள் கையைக் கழுவிவிட்டேன். ஒரு மழைக்காலம் போகட்டும் என்று காத்திருந்தேன். மண் இறுகவேண்டும் அல்லவா?

பிறகு வேலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். வருடாவருடம் கம்பு நடும்போது நகர்ந்திருக்கலாம் என்று. அவ்வளவுதான். கருவியைக் கூப்பிட்டது மாமி.

“ஒனக்க மிஷின் கொண்டு வா மக்கா. அவரு வச்ச இரும்பு அங்கத்தான் ஆக்கும். நாலுபேரு பாக்கட்டு.”

நாலுபேர் வந்தார்கள். குட்டப்பனும் வந்தான். வேலியோரம் கருவி சத்தமே போடவில்லை. நான்கு அடி தள்ளிக் கூவியது. குட்டப்பன் தோண்டினான். மாமி துண்டை வாங்கி முந்தானையால் துடைத்தார். பின்மூலையில் இருந்த துண்டையும் தோண்டச் சொன்னார். இரண்டையும் சேர்த்து வைத்தார். பொருந்தியது.

மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இரும்பு வச்சது அவருதானே,” என்றார் கடைசியில். “அப்போ அவருக்குத் தெரியும். தெரிஞ்சே வேலிய நகத்தியிருக்காரு. ஒனக்க அப்பன் அவர அண்ணான்னு விளிச்சவன்.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நான் யோசித்தது நிலத்தைப் பற்றி மட்டும்தான். “போகட்டும் மாமி, செத்துப்போனவர்,” என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

கல்லறையை எடுக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுவாரம் மாமியே சிலுவையைப் பெயர்த்தார். சிமெண்டைச் சம்மட்டியால் உடைத்து, கல்லைக் கூடையில் சுமந்து அடுக்களைக்குப் பின்னால் போட்டார். நான் ஆள் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். எலும்பை எடுக்கவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன்மேல்தான் இப்போது என் கார் வந்து போகிறது. மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

அதன் பிறகு அவர் கோவிலில் முன்வரிசையில் உட்காரவில்லை. மாமாவின் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டதாக என் மனைவி சுகிர்தபாய் சொன்னாள். போன வருடம் இறந்தார். மகன் ராஜதாஸ் சவுதியில் தம்மாமிலிருந்து வந்தான். அம்மாவை அப்பாவின் பக்கத்தில் அடக்க என்னிடம் அனுமதி கேட்டான். நான் சம்மதித்தேன், சார். ஆனால் மாமி முன்பே சொல்லிவைத்திருந்தாராம், களவு மண்ணில் தன்னைப் போடக்கூடாது என்று. அடுக்களைக்குப் பின்னால், உடைந்த கற்களுக்குப் பக்கத்தில் அடக்கினார்கள். நான்தான் பெட்டியின் தலைப்பக்கம் பிடித்தேன்.

உங்கள் பழைய வரைபடத்தில் கோடு நேராக இருக்கிறது. கருவி காட்டிய கோடு சாய்வாக இருக்கிறது. எதை எழுதுவது என்பது உங்கள் வேலை. ராஜதாஸ் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளுங்கள். தன் புருஷன் செய்ததற்காக மாமி என் வீட்டுப் படியேறி மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். மூன்று முறையும் நான் மன்னித்தேன்.